ஐயாவுக்கு ஆறவைத்த தண்ணீர்

அழகையா அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறார். கேத்தலின் மூடி தடதடக்கிறது. மருமகள் கிருஷாந்தினி தேத்தண்ணிக்குக் கொஞ்சம் ஊற்றப் போனால், "தொடாத புள்ள! இது பீ.எச்.ஐ. ஐயாவுக்கு" என்று ஓர் அதட்டல். ஐயா குடிக்க அல்ல. எல்கடுவைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் லயத்துக்கு, சுகாதாரப் பரிசோதகர் ஜிப்ரி குடிநீர் மாதிரி எடுக்க வருகிறார். அந்த மாதிரிதான் கேத்தலில் கொதிக்கிறது.

லயத்துக்குத் தண்ணீர் வரும் மலைத்தொட்டியைப் பார்த்துக்கொள்வது அழகையாவின் வேலை. சாரத்துக்கு மேல் பழைய சுவெட்டர், காதில் பீடி, யார் வந்தாலும் உபசாரம். கடன் கேட்டு வந்தவனுக்கும் தேத்தண்ணி, கடனைத் திருப்பிக் கேட்டு வந்தவனுக்கும் தேத்தண்ணி. அப்படிப்பட்டவர் ஓர் அரசாங்க உத்தியோகத்தரை மலையேற விடுவாரா? "அட்டை கடிக்குங்கய்யா. நீங்க குந்துங்க, நான் கொண்டாறேன்" என்று போத்தலை வாங்கிக்கொண்டு லயத்தின் பின்பக்கம் போவார். ஆறிய கேத்தல் தண்ணீரை அதில் ஊற்றுவார். மலையேறி இறங்கியதாகத் தெரிய வேண்டுமே, ஒரு பீடியை நிதானமாக இழுத்து முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே வருவார். நடிப்பில் மனுஷன் குறை வைத்ததே இல்லை.

ஒவ்வொரு முறையும் 'குடிப்பதற்கு உகந்தது' என்று முடிவு வரும். அதை லெமினேட் செய்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். மழை பெய்த மறுநாள் எங்கள் கக்கூஸ்களுக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால் தேர்தல் என்றுதான் நினைப்பீர்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நானும் அதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பலாக்காய் மீது பழி போட்டோம், கருவாட்டின் மீது போட்டோம். தண்ணீரை யாரும் சொல்லவில்லை, அதற்குத்தான் சான்றிதழ் இருக்கிறதே. எங்களுக்கு வர வேண்டிய வடிகட்டியும் இதே சான்றிதழால் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது.

ஒரு நாள் அவருடைய பேத்திக்கு வயிற்றால் போய்க் கண் செருகிவிட்டது. மாத்தளை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித்தான் மீட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்து இறங்கிய கிருஷாந்தினி வாசலிலேயே கேட்டாள்.

"மாமா, நெசத்தச் சொல்லுங்க. ஐயாவுக்கு எதுக்கு கேத்தல் தண்ணி?"

"ஆபீசுல யாராச்சும் குடிச்சுப் பாத்துத்தானே ரிப்போட் எழுதுவாங்க? யாரு பெத்த புள்ளையோ. தொட்டித் தண்ணியக் குடிச்சு வயித்தால போனா நமக்குத்தானே பாவம்?"

"அந்தப் புள்ளைக்கு ஆகாதுன்னு தெரியுது. நம்ம புள்ளைக்கு மட்டும் ஆகுமா?"

எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஆனால் அன்று முழுக்க அவர் சோறு தொடவில்லை என்று கேட்டதும் பாவமாகவும் இருந்தது.

அடுத்த முறை ஜிப்ரி வந்தபோது அழகையாவே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஜிப்ரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லாஹ்! இவ்வளவு காலமும் ஒங்கட கேத்தலுக்கா நான் சேட்டிபிகட் குடுத்திருக்கேன்?"

பிறகு அட்டைக்குப் பயப்படாமல் அவரே மலையேறினார். அட்டைகளும் அவரை ஏமாற்றவில்லை. தொட்டிக் குழாயின் வாயைக் கிருமி போக நெருப்பில் வாட்டி, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, காலில் ஏறியதைப் பிடுங்கக் குனிந்தபடி போத்தலை அழகையாவிடம் கொடுத்தார். "நீங்களே புடிங்க. வாய்ப் பக்கம் வெரல் படக் கூடாது, சரியா?"

போத்தல் நிறைந்தது. கூடவே ஒரு பாசி இழையும் அழுகிய இலைத்துண்டு ஒன்றும் உள்ளே விழுந்து மிதந்தன. அழகையாவின் சுட்டுவிரல் அவற்றை எடுத்துப் போடத் தானாகவே போத்தல் வாயை நோக்கிப் போனது. பாதி வழியில் அதை மடக்கிக்கொண்டார். முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, போத்தலை அப்படியே நீட்டினார்.