குளத்து மண்

பவானி கூடுதுறையில் பரிகாரம் செய்தால் என் தங்கைக்கு அடுத்த குழந்தை தங்கும் என்று ஒரு ஜோசியர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மா பிடித்தால் உடும்புப் பிடி. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாளில் சிங்காநல்லூரிலிருந்து நாலு பேர் காரில் கிளம்பினோம். அம்மா, நான், என் தங்கை, வண்டி ஓட்டத் தங்கையின் கணவர். தங்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் எதையும் வேண்டாம் என்று சொல்லி இரண்டு வருடம் ஆகியிருக்கும். எனக்கு அதுதான் பயம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு எட்டாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. மயக்கம் தெளிந்து அவள் கண் விழிப்பதற்குள் அவள் கணவரும் மாமனாரும் அதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார்கள். சின்னக் குழந்தை போய்விட்டால் பெற்றவளுக்கு இடத்தைக் காட்டமாட்டார்கள். அடையாளத்துக்கு ஒரு கல்கூட வைக்கமாட்டார்கள். இடம் தெரிந்தால் அவள் மனசு அங்கேயே கிடக்கும், வயிறு அடுத்ததைத் தாங்காது என்பார்கள். அம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

தங்கை முகத்தையும் பார்க்கவில்லை, இடத்தையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் தன் கணவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்கீங்க வெச்சீங்க?" அவர், "அதெல்லாம் எதுக்கு அம்மணி, உடு" என்று எழுந்து போய்விடுவார். ஒருநாள் எனக்குப் பொறுக்காமல் நேராக அவளுடைய மாமனாரிடமே போய்க் கேட்டேன். "நல்ல எடத்துலதானுங்க வெச்சுருக்குது. நீங்க மொதல்ல காப்பி குடிங்க" என்றார். எங்கள் ஊர் மரியாதையில் இது ஒரு வசதி. ஒரு 'ங்க' போட்டே கதவைச் சாத்திவிடலாம். எரிச்சலோடு அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

கூடுதுறையில் காரியம் சீக்கிரம் முடிந்தது. தண்ணீர் முழங்காலுக்குக்கூட இல்லை. தங்கை முங்கச் சொன்ன இடத்தில் முங்கினாள், கும்பிடச் சொன்ன இடத்தில் கும்பிட்டாள். ஈரத் தலையோடு அவள் நின்றதைப் பார்த்தபோது அந்த ஜோசியரைக் கூட்டி வந்து நாலு கேள்வி கேட்கவேண்டும் போல இருந்தது. வழியில் அம்மா பேரம் பேசி ஒரு ஜமக்காளம் வாங்கினாள். துக்கம் எவ்வளவு இருந்தாலும் பவானி வந்து ஜமக்காளம் வாங்காமல் போனால் அம்மாவுக்குத் தூக்கம் வராது.

கட்டுச்சோறு கொண்டு வந்திருந்தோம். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்ற பேச்சு வந்தபோது, மாப்பிள்ளையின் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய குளம் இருப்பது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. கரையில் ஆலமரம் உண்டு, நல்ல காற்று வரும்.

"அங்க தண்ணி இருக்காதுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"எங்களுக்கு நெழல் போதுமுங்க."

"வழி சரியில்லீங்க. வண்டி போகாது. பெருந்துறை தாண்டி நல்ல ஓட்டல் இருக்குது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏனுங்க தம்பி, அரை மணி நேரம் நின்னா என்ன குடியா முழுகிப் போயிரும்? உங்கூர்க் குளத்த நாங்க என்ன தூக்கிட்டா போயிருவோம்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் தங்கையை ஒரு பார்வை பார்த்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் கேட்டு முடியாது என்று சொல்லிப் பழகாத மனுஷன். வண்டியைத் திருப்பினார்.

ஆலமரம் இருந்தது. குளம்தான் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டல் மண் எடுக்க இந்த வருடம் அனுமதி கொடுத்திருக்கிறார்களாம். நடுவில் இரண்டு ஜேசிபி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தன. டிப்பர் லாரிகள் வரிசையாக வந்து நிரப்பிக்கொண்டு போயின. புழுதி எங்கள் தலைக்கு மேலே மிதந்தது. அம்மா அதற்குள்ளும் ஜமக்காளத்தை விரித்து, தூக்குப் போசியைத் திறந்துவிட்டாள்.

மாப்பிள்ளை உட்காரவே இல்லை. கரை ஓரத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் இறங்கினார். இங்கே நாலு எட்டு நடப்பார், நிற்பார், திரும்பி ஆலமரத்தைப் பார்ப்பார், மறுபடி அங்கே போவார். தொலைத்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி குனிந்து குனிந்து பார்த்தார். என் கையில் புளிசாதம் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டேன். எனக்குப் புரிந்துவிட்டது.

தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தாள்.

"எங்க கண்ணு போற, சாப்புடு" என்றாள் அம்மா. அவள் காதில் விழவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

அவள் நேராக அவர் எதிரில் போய் நின்றாள். "இங்கீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. "இங்கதான் அம்மணி. ஒரு வேலாமரம் இருந்துச்சு. அதுக்குக் கெழபுறம்" என்று கையை நீட்டினார். அவர் கை காட்டிய இடத்தில் ஆளுயரத்துக்குப் பள்ளம்தான் இருந்தது. மரமும் இல்லை, மரம் நின்ற தரையும் இல்லை. "வெக்கறப்ப அப்பனுந்தான் கூட இருந்தாங்க. நடுக்கொளத்துலதான் எடுப்பாங்க, கரைப்பக்கம் வரமாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார்.

ஜேசிபி ஓட்டுகிறவர் எங்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே, "ஏனுங்க, ஏதாச்சும் தொலைஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன். ஒரு குழந்தையை வைத்திருந்தோம் என்று சொல்லும்போது என் குரலே எனக்கு யாருடையதோ மாதிரி இருந்தது.

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு கல்லு வெச்சுருந்தா தொட்டிருக்க மாட்டமுங்க அக்கா. அங்க பாருங்க" என்று காட்டினார். கொஞ்ச தூரத்தில் கன்னிமார் கற்கள் ஏழும் ஒரு மண் திட்டின் மேல் அப்படியே நின்றன. சுற்றி எல்லாவற்றையும் அள்ளிவிட்டு அந்தத் திட்டை மட்டும் விட்டிருந்தார்கள். மஞ்சள் துணிகூடக் கலையவில்லை.

தங்கை அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கணவரிடம் சொன்னாள், சத்தமே போடாமல்: "எனக்குத் தெரியக் கூடாதுன்னீங்க. இப்ப உங்களுக்கே தெரியல."

மாப்பிள்ளை அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இரக்கம் வந்திருக்கவேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேல், அவர் அப்பன் மேல், மேலே ஜமக்காளத்தில் உட்கார்ந்து எங்களை வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த என் அம்மா மேல். இத்தனை பேர் சேர்ந்து அவளுக்கு நல்லது செய்திருந்தோம்.

தங்கை ஜேசிபிக்காரரிடம் திரும்பினாள். "இந்தப் பக்கத்து மண்ணு எங்கீங்க போச்சு?"

"போன வாரம் எடுத்ததுங்க. நெறையக் காட்டுக்குப் போச்சு அக்கா. இன்னாருக்குன்னு எப்படிங்க சொல்றது?" என்று தலையைச் சொறிந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, வழியிலேயே மஞ்சள் விவசாயம் செய்கிற ஒரு காட்டுக்காரர் தன் நிலத்தில் நாலைந்து லோடு இறக்கினார், அது மட்டும் நிச்சயம் என்றார்.

சாப்பிட்டது பாதி, சாப்பிடாதது பாதி, எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம். காரில் ஏறியதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் காட்டுக்குப் போங்க" என்றாள் தங்கை. இரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. மாப்பிள்ளை உடனே வண்டியை எடுத்தார்.

காட்டுக்காரர் வயசானவர், வேப்பமரத்தடியில் கட்டிலில் படுத்திருந்தார். கார் நிற்பதைப் பார்த்ததும் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "வாங்க, வாங்க. எந்தூருங்க? தண்ணி குடிக்கறீங்களா?" என்றார். குளத்து மண்ணைப் பார்க்க வந்தோம் என்று மாப்பிள்ளை எப்படியோ சொல்லி முடித்தார். பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உங்க தோட்டத்துக்கும் வேணுமுங்களா? கண்ண மூடிட்டு எடுங்க. இப்படி ஒரு மண்ணு கெடைக்காது. வைகாசி கடைசீல மஞ்சள் நட்டுப்போடுவேன். வெளைச்சல் எப்படி வருதுன்னு பாருங்க."

கறுப்பு மண், காடு முழுவதும் பரப்பி உழுதிருந்தார். கட்டி கட்டியாகக் கிடந்தது. மதிய வெயிலில் அதன் மேல் காற்று நெளிந்தது. அவர் பாட்டுக்கு லோடு, டிராக்டர், ஆள் கிடைக்காத கஷ்டம் என்று பேசிக்கொண்டு முன்னால் போனார். வரப்புக்கு வந்ததும் தங்கை நின்றாள். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

பெரியவர் பதறிவிட்டார். "அய்யோ, போட்டுட்டே வாங்க கண்ணு. வெறும் மண்ணுதானுங்க. காலு சுட்டுப்போடும்."

அவள் உள்ளே இறங்கினாள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். காரிலிருந்து அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு இறங்குவதும், குனிய முடியாமல் குனிந்து காலிலிருந்து செருப்பை உருவுவதும் தெரிந்தது. மண் நெருப்பாகக் கொதித்தது. பெரியவர் ஒன்றும் விளங்காமல் எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு பேரும் அப்படியே நின்றோம், எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல், எதை மிதிக்கிறோம் என்று தெரியாமல்.