மின்னலுக்கும் இடிக்கும் நடுவே

மின்னல் படங்களை நான் முதலில் கைப்பேசியில்தான் பார்த்தேன். எங்கோ ஒரு பாலைவனத்தில், மலை முகட்டில் கேமரா முக்காலியை நிறுத்திவிட்டு, மழைக்கால மேகம் தூரத்தில் இறங்குவதற்காகக் காத்திருப்பார்கள். மேகம் நெருங்கினால் ஏறி உட்கார்ந்துகொள்ளப் பக்கத்திலேயே கார் நிற்கும். எனக்குக் கிடைத்த முகடு, பபேடான் பேட்டையில் எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடி. எட்டு மாடி, லிஃப்ட் கிடையாது. மேலே தண்ணீர்த் தொட்டிகள், துருப்பிடித்த டிஷ்கள், துணிக்கொடி. தெற்கே பார்த்தால் ஆறும், அதற்கப்பால் டாலாவின் தாழ்ந்த கரையும் தெரியும். மே மாதத்தில் மேகம் அந்தப் பக்கமிருந்துதான் வரும். சாயங்காலம் கரண்ட் போனால் ஊர் இருண்டு வானம் மட்டும் மிஞ்சும். எல்லோரும் திட்டித் தீர்க்கும் அந்த நேரத்துக்காக நான் காத்திருப்பேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் பல்கலைக்கழகம் போய் இயற்பியலும் படித்தேன். வாப்பா கடைத்தெருவில் பூட்டும் கொண்டியும் விற்கிறவர். கையெழுத்து மட்டும் போடுவார். உம்மாவுக்கு அதுவும் வராது. மருந்துச் சீட்டு, வார்டு அலுவலகத்துக் கடிதம், வாப்பாவின் கைப்பேசிக்கு வரும் செய்தி, எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் சொல்வதை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

குமரிப் பெண் தனியாக மாடியில் நிற்கக் கூடாது என்று உம்மாவும் என்கூட ஏறி வருவார். கவிழ்த்த வாளியின்மேல், எனக்குப் பின்னால் உட்காருவார். சும்மா உட்கார வைப்பானேன் என்று அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்க வேண்டும். இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். ஐந்து நொடிக்கு ஒரு மைல். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் இறங்கிவிட வேண்டும். என் கண் கேமராவிலேயே இருக்கும். ஷட்டர் மூடியைப் பதினைந்து நொடி, இருபது நொடி திறந்து வைத்துவிட்டு அடுத்த மின்னலுக்குத் தவம் கிடப்பேன். என்னால் எண்ண முடியாது.

உம்மா தன் தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டார். ஒரு மணிக்கு ஒரு சுப்ஹானல்லாஹ். முப்பத்து மூன்று மணிக்கு ஒரு நீள மணி வரும். ஒவ்வொரு மணியும் ஏறக்குறைய ஒரு நொடி. நானே கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தேன். நீள மணிக்கு முன்னால் இடி விழுந்தால் இறங்கு, தாண்டினால் நில்.

"ஒனக்கு மைலுக் கணக்கு, எனக்கு நன்மைக் கணக்கு" என்று சிரித்தார் உம்மா. "ரெண்டும் ஒரே மணியில முடியுது பாரு."

மூன்று மழைகளை அப்படி எடுத்தோம். நான்காவது மழையன்று ஆறரை மணிக்கே வானம் கறுத்துவிட்டது. டாலாவுக்குமேல் முதல் மின்னல் கிளைவிட்டு இறங்கியது. பின்னால் உம்மாவின் முணுமுணுப்பு. வெகுநேரம் கழித்து உருண்டு வந்தது இடி.

"தாண்டிருச்சு" என்றார்.

அடுத்ததும் தாண்டியது. அதற்கடுத்ததும். ஆற்றின்மேல் மழை திரைபோல இறங்க, அதற்குள் மின்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. இந்த மாதிரி ஒரு சட்டகம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. இடி இப்போது உருளவில்லை, துணியைக் கிழிப்பதுபோல் வெடித்தது. பெரிதாகக் கேட்கிறதே என்று தோன்றாமல் இல்லை.

"உம்மா, எத்தனை?"

"தாண்டிருச்சு, புள்ள."

"நெசமாவா?"

"நீள மணி தாண்டிப் பத்து மணி போயிருச்சு."

கணக்கு அப்படிச் சொன்னால் சரிதான் என்று நான் மறுபடியும் மூடியைத் திறந்தேன். காற்று திடீரென்று நின்றது. பக்கத்து டிஷ்ஷின் கம்பியிலிருந்து மெல்லிய சரசரப்பு வந்தது. என் முன்கை முடி ஒவ்வொன்றாக எழுந்து நின்றதைப் பார்த்தேன். அது என்னவென்று எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். உம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு வெள்ளைதான் தெரிந்தது. சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் அடித்தது. கண்ணைத் திறந்தாலும் வெள்ளை, மூடினாலும் வெள்ளை. தரையில் கிடந்தேன். உம்மா, உம்மா என்று கத்தினேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. தவழ்ந்து போய்த் துழாவினேன். வாளி உருண்டு கிடந்தது. அதன்மேல் யாரும் இல்லை.

ஒரு பாதம் தட்டுப்பட்டது. சில்லென்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அசைத்தேன். அசையவில்லை. மழை அப்போதுதான் இறங்கத் தொடங்கியது. என் உம்மாவை நான் கொன்றுவிட்டேன் என்று தெளிவாக, ஒரு வாக்கியமாக, நினைத்தேன்.

பிறகு அந்தப் பாதம் என் கையை உதைத்தது.

எப்படி இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்குள் வந்தேன் என்று நினைவில்லை. மேல்படியில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தோம். உம்மாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. எனக்குச் சத்தம் வரவில்லை. கன்னத்தில் பூசியிருந்த தனகா மரப்பட்டைச் சாந்து மழையில் கரைந்து வழிந்தது. மெல்ல மெல்ல, காதுக்குள் இரைச்சலுக்கு நடுவே, அவர் குரல் திரும்பி வந்தது. சுப்ஹானல்லாஹ் சுப்ஹானல்லாஹ் சுப்ஹானல்லாஹ். மூச்சுவிட இடமில்லாமல் வந்தது. விரலில் மணிகள் ஓடிக்கொண்டிருந்தன. பார்த்தேன். ஒரு நொடிக்கு மூன்று மணி.

பயந்தவர் வேகமாக ஓதியிருக்கிறார். மழை நெருங்க நெருங்கப் பயம் கூடியது, பயம் கூடக் கூட மணிகள் விரைந்தன. அதனால் ஒவ்வொரு முறையும் நீள மணி தாண்டியது. பதினான்கு பதினைந்து நொடித் தூரத்தில் இடி விழுந்துகொண்டிருக்க, எட்டு மைல் தள்ளி இருக்கிறது என்று நான் நின்றிருக்கிறேன். கடிகாரத்தை வைத்து மணியைச் சரிபார்த்த நாளில் வானம் தெளிவாக இருந்தது. உம்மாவுக்கு அன்றைக்குப் பயம் இல்லை.

வாப்பா எட்டு மாடியும் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இருட்டில் கைப்பேசி வெளிச்சத்தை எங்கள்மேல் அடித்தார்.

"யாரு இந்த நேரத்துல மேல ஏறச் சொன்னது?"

"நாந்தாங்க" என்றார் உம்மா. "துணி நனையுமேன்னு வந்தேன்."

"துணியெல்லாம் கீழதானே கெடக்குது."

"நான்தான் வாப்பா உட்கார வெச்சேன்" என்றேன். "தூரத்துல இருக்குன்னு சொன்னேன். தப்பு. என் கணக்குத் தப்பு."

வாப்பா என்னைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார். அடிக்க மாட்டாரா என்று இருந்தது எனக்கு.

"நீ படிச்ச புள்ள. நீ சொன்னாச் சரியாத்தான் இருந்திருக்கும்" என்றார். "இந்த எழவு மின்னல்தான் ஏமாத்திருச்சு. வாங்க, கீழ வாங்க."

மாடியில் கிடந்தபோது வந்த பயம் வேறு. இது அதைவிட ஆழமாக இறங்கியது. நான் தவறாக ஒன்றைச் சொன்னால், அதைத் தவறென்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை. நான் காட்டும் இடத்தில் போய் உட்காருவார்கள்.

வாப்பா முன்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டு இறங்கினார். நான் உம்மாவின் தோளை அணைத்தபடி ஒவ்வொரு படியாக இறக்கினேன். ஐந்தாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றோம்.

"பயமா இருந்துச்சா, உம்மா?"

"மொத இடியிலருந்தே."

"அப்பச் சொல்லியிருக்கலாம்ல? என் கையப் புடிச்சு இழுத்திருக்கலாம்ல?"

உம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"இழுத்தாப் படம் ஆடிருமே, புள்ள."