ராக் பாஸ்பேட்டும் எட்டுத் தொட்டிகளும்

என் கணவர் மலேசியாவில் ஒரு அன்னாசித் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் மேஸ்திரியாக இருந்துவிட்டு முதலியார்பேட்டைக்குத் திரும்பியபோது, எங்கள் உரக்கடையை நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன். வந்த மூன்றாம் நாள், கத்திரிக்கு சூப்பர் பாஸ்பேட் கேட்ட பாகூர் விவசாயியிடம் ராக் பாஸ்பேட் எடுத்துப்போகச் சொன்னார்.

"அது நம்ம மண்ணுல கரையாதுங்க" என்று அந்த ஆள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். கணவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரே காரணம் சொன்னார். அந்தத் தோட்டம் இருந்தது பீட் நிலத்தில். மரமும் இலையும் காலங்காலமாக நீரில் ஊறி மக்கிய கரிய நிலம். அமிலம் மிகுந்த, நல்ல புளிப்பு மண். கல்லைப் பொடித்த ராக் பாஸ்பேட் அதில் மெல்லக் கரையுமாம். சீக்கிரம் கரையும் சூப்பர் போட்டால் மழையில் ஓடிவிடுமாம். எனக்குப் பாதிதான் நம்பிக்கை.

நர்சரிக்காரர் ஒருவரிடம், புளிப்பை முறிக்கும் சுண்ணாம்பு கலக்காத பீட் ஒரு மூட்டை வாங்கினேன். மாடியில் எட்டுத் தொட்டி வைத்தோம். நான்கில் பீட், நான்கில் வயல் மண். இரண்டு மண்ணிலும் இரண்டு தொட்டிக்கு சூப்பர், மற்ற இரண்டுக்கு ராக். மற்ற உரமும் தண்ணீரும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆவணியில் மிளகாய் நட்டோம்.

முதல் மாதம் பீட்டிலும்கூட சூப்பர்தான் முந்தியது. அவர் மாடிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. பீட் தொட்டிகளின் அடியில் டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. மழை விட்டு இரண்டு வாரத்தில், பீட்டில் சூப்பர் போட்ட செடிகள் இலை சிறுத்து ஊதா ஏறி அப்படியே நின்றுவிட்டன. பக்கத்தில் ராக் போட்டவை பூத்தன. வயல் மண்ணிலோ சூப்பர் போட்டவைதான் காய்த்தன. ராக் போட்டவை ஒரு சாண்கூட வளரவில்லை.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"அந்த மண்ணுக்கு நான் சொன்னது சரி. இந்த மண்ணுக்கு நீ சொல்றதுதான்" என்றார்.

"அன்னிக்கு அந்த பாகூர்க்காரர் எதுர்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றேன். அவர் ஒரு செடியின் காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

மறுநாளிலிருந்து கடைக்கு வந்து உட்கார்ந்தார். யார் உரம் கேட்டாலும், எந்தப் பக்கத்து மண், பரிசோதனை செய்தீர்களா என்று முதலில் விசாரிக்கிறார். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அவர் கேட்பதை விடுவதில்லை.