கட்டியவர் ஜெயவேலு

பற்றவைத்த இடம் சூடு ஆறியதும் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டி, காதைக் குழாயோடு ஒட்டி வைத்துக்கொள்கிறார் ஜெயவேலு. அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது, செருப்பைத் தேய்க்கக்கூடாது. சத்தம் பிடித்திருந்தால் "ம், நிக்கும்" என்பார். பிடிக்காவிட்டால் கிரைண்டரை எடுத்து அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவசரக்காரர்கள் அவரிடம் வேலை கொடுப்பதில்லை.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அவருடைய தகரக் கொட்டகை. வருஷத்தில் பத்து மாதம் கேட்டும் கிரில்லும்தான். மிச்ச இரண்டு மாதம் பந்தயக் கார். ஆமாம், பந்தயக் கார்தான். ஒரே ஆள் உட்காருகிற, கூரையில்லாத, தரையை ஒட்டி ஓடுகிற வண்டி. சேலையூரில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஹரிபிரசாத்துக்குப் பந்தயப் பைத்தியம். சொந்தமாக ஒரு டீமே வைத்து நடத்துகிறார். எஞ்சின் வெளியிலிருந்து வரும். அதைச் சுமக்கிற எலும்புக்கூடு முழுக்க, கடைசி மூட்டு வரைக்கும், ஜெயவேலுவின் கை.

வண்டிக்குப் பெயர் வைப்பதில் மட்டும் நியாயம் வேறு. பணம் கொடுத்தவர் பெயர் முன்னால், கட்டியவர் பெயர் பின்னால். பந்தயம் நடத்துகிறவர்கள் நிரப்பச் சொல்லிக் கொடுக்கும் பாரத்தில் 'கட்டியவர்' என்று தனியாக ஒரு கட்டமே உண்டு. அதில் ஹரிபிரசாத் வருஷா வருஷம் 'ஹரி ரேசிங்' என்று எழுதிவிடுவார். மனிதர் இன்றுவரை ஒரு நட்டைக்கூட முடுக்கியதில்லை. முன்னால் வருகிற பெயர்தான் மாறிக்கொண்டிருக்கும். ஒரு வருஷம் நெய் கம்பெனி, ஒரு வருஷம் பல் ஆஸ்பத்திரி, அதற்கடுத்து வரன் பார்த்துக் கொடுக்கிற ஒரு மையம். ஜெயவேலு வீட்டில் காலக்கணக்கே இதுதான். "நெய்யி ரெண்டாவதா வந்துச்சே, அந்த வருசந்தான் பொண்ணுக்குக் கல்யாணம்" என்பார் அவர் மனைவி சுந்தரவல்லி. "பல்லாஸ்பத்திரி செவுத்துல போய் முட்டிக்கிச்சே, அப்ப இவுருக்கு மூணு நாளு சோறு எறங்கல."

தாம்பரம் சிக்னலில் லாரி நின்றால் ஜெயவேலு ஸ்கூட்டரை அதன் முதுகுக்கே கொண்டுபோய் நிறுத்துவார். பின்பலகை ஓரத்தில் பாடி கட்டியவர் பெயரும் போன் நம்பரும் எழுதியிருக்குமே, அதை வாய்விட்டுப் படிப்பார். பச்சை விழுந்து, பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்துக் கெட்ட வார்த்தைக்குப் போனாலும் படித்து முடிக்காமல் நகரமாட்டார். "பலக அடிச்சவன் பேர எழுதிக்கினு போறான். நம்ம வண்டி நூத்தி எம்பதுல பறக்குது. அதுல எவன் பேரு கீது? பல்லு டாக்டரு பேரு!" ஊரார் வீட்டுப் பெயரையெல்லாம் தகட்டில் வெட்டி அவரவர் கேட்டில் பொருத்திக் கொடுத்த கை அது. தன் பெயரை வெட்டிக்கொள்ள ஓரிடம் அமையவில்லையே என்ற வருத்தம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

இந்த வருஷம் அமைந்தது. அமைந்த விதம்தான் அழகு. பணம் கொடுத்துப் பெயர் போட ஒப்புக்கொண்டிருந்த, அடுக்குமாடி கட்டி விற்கிற ஒருவர் கடைசி வாரத்தில் கழன்றுகொண்டார். ஹரிபிரசாத் கொட்டகைக்கு வந்து பாரத்தை ஸ்டூல்மேல் விரித்தார். "ஸ்பான்சர் யாரும் சிக்கலண்ணா. பேரே இல்லாம ஓடினா அடுத்த வருஷமும் எவனும் வரமாட்டான். ஏதோ ஒண்ணு இருக்கணும். உங்க பேரையே போட்டுடலாமா?"

'ஏதோ ஒண்ணு' ஜெயவேலுவின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. "அந்தக் கட்டத்துலயா?" என்று மட்டும் கேட்டார்.

"முன்னாடியும் நீங்கதான், கட்டத்துலயும் நீங்கதான். போதுமா?"

ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார் ஹரிபிரசாத். ஸ்டிக்கராவது! உரிந்து வருகிற காகிதத்தில் பெயர் எழுதிக்கொள்ள இவர் என்ன ஊறுகாய் பாட்டிலா? அலுமினியத் தகட்டை எடுத்தார். எழுத்துகளை ஊடுருவ வெட்டினார். வண்டியை நாலு முறை சுற்றிவந்து, எதிரே நிற்பவர் கண்ணில் முதலில் படுகிற இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வாய்.

சோறு கொண்டுவந்த சுந்தரவல்லிக்கே சந்தேகம். "காத்து போற வழிய மூடிட்டா சூடாவாதாய்யா?"

"எழுத்து பூரா ஓட்டதானே? காத்து ஜெ-வோட கொம்புல பூந்து லு-வோட சுழில வெளிய வந்துரும். நீ கொயம்பு ஊத்து."

வேறு எவராவது அந்த இடத்தில் ஒரு கடுகளவு தகடு வைக்கச் சொல்லியிருந்தால் ஸ்பேனரோடு துரத்தியிருப்பார். வண்டியைச் சோதிக்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவரை பெயர் அவருடைய துண்டுக்குள் இருந்தது. அதன் பிறகுதான் நாலு ஸ்குரூ போட்டு மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தடம். கம்பிவேலியை ஒட்டி நின்றுகொண்டு சுந்தரவல்லிக்குப் போன் போட்டு, அதை ஒலிபெருக்கிப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். "ஜெயவேலு ஐந்தாம் இடத்தில்... ஜெயவேலு நான்காவது... அடடா, ஜெயவேலு மூன்றாவது!" என்றது ஒலிபெருக்கி. "கேட்டுதா? கேட்டுதா?" என்றார் இவர். அழுதுவிடுவார் போலிருந்தது.

ஆறாவது சுற்றில் அதே குரல், அதே உற்சாகத்தோடு, "ஜெயவேலுவில் புகை!" என்றது. அரை நிமிஷம் கழித்து, "ஜெயவேலு நின்றுவிட்டது" என்றது.

"இன்னாய்யா சொல்றான் அந்தாளு?" என்றார் போனில் சுந்தரவல்லி.

புகை வந்த இடத்தைப் பார்த்ததுமே ஜெயவேலுவுக்குத் தெரிந்துவிட்டது. காற்றை மறித்தது அவர் பெயர்தான். அந்தப் பக்கம் ஹரிபிரசாத் இன்னொரு போனில் ரேடியேட்டர் விற்றவரைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். தகட்டை யாரும் கவனிக்கவில்லை. பேசாமல் இருந்தால் பழி ரேடியேட்டரோடு போய்விடும்.

வேலியோரம் குரோம்பேட்டையிலிருந்து வந்திருந்த கல்லூரிக் கும்பல் ஒன்று விழுந்து விழுந்து சிரித்தது. "இன்னா மச்சான் இது, இட்லி குண்டான் மாரி ஆவி வுடுது? எவன்டா இத்தக் கட்டினான்?"

"செத்த இரு" என்று சுந்தரவல்லியிடம் சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார் ஜெயவேலு. பிறகு வலது கையைத் தலைக்கு மேல் நன்றாக உயர்த்தி, அவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்வரை அப்படியே நின்றார்.