சண்டைக்கு ஆளில்லாத வீடு

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நானும் என் கணவரும் சண்டை பிடித்துத்தான் குடும்பம் நடத்தினோம். புட்டு காய்ந்துவிட்டது என்று அவர் தொடங்குவார். உங்கள் வீட்டுப் புட்டு எனக்குத் தெரியாதா என்று நான் முடிப்பேன். கொக்குவிலில் எங்கள் ஒடுக்கமான தெருவில், அந்த ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு அது பழகிவிட்டது. சத்தம் கேட்கவில்லை என்றால் நாங்கள் ஊரில் இல்லை என்று நினைப்பார்கள்.

பிறகு எனக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாக்கும் தடித்துப்போனது. நினைத்த சொல் வாய்க்கு வந்து சேருவதற்குள் கேட்பவர் அடுத்த கதைக்குப் போய்விடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது என் கட்டிலை முன் ஹோலில் போட்டிருந்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு வசதியாம். அப்பிளும் பிஸ்கட்டும் கொண்டு ஆட்கள் வந்தார்கள். என்னை ஒருதரம் பார்த்துவிட்டு அவரிடம்தான் கதைத்தார்கள்.

"சாப்பாடு இறங்குதோ?"

"ஓம், இறங்குது."

சாப்பிடுகிற வாய் பக்கத்திலேயே கிடந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை.

அதைவிடக் கொடுமை, அவர் நல்ல மனிதராக மாறியது. முகம் கழுவிவிடுவார், சீப்பால் தலை இழுத்துவிடுவார். "என்னம்மா வேணும்?" என்று கைக்குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்பார். நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் மிச்சத்தைத் தானே சொல்லி முடித்து, "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார். பாதி நேரம் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிய புதிதில், சமைக்கப் போய்க் குசினிப் படியில் ஒருமுறை சறுக்கி விழுந்தேன். அதற்குப் பிறகு சந்தைக்குப் போகும்போதெல்லாம் தெருவாசல் படலைக்கு வெளியே ஆமைப்பூட்டுப் போடத் தொடங்கினார். கேட்டால், மாடு உள்ளே வந்துவிடுமாம். சுற்றிவர மதில். ஒழுங்கையில் சைக்கிள்கள் போகும், தூரத்தில் ரயில் கூவும். எல்லோருக்கும் போவதற்கு ஓர் இடம் இருந்தது. நான் மதிலில் படர்ந்த பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் இடது கையால் தேங்காய்ப்பால் சொதி வைத்தேன். உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் ஒரு கோப்பை முழுவதையும் குடித்துவிட்டு, "நல்ல ருசியா இருக்கம்மா" என்றார். பிறகு நான் வாயில் வைத்துப் பார்த்தேன். கடல்தண்ணீர் தோற்றுவிடும். கை கால் போனதற்குக்கூட நான் அப்படி அழவில்லை. என்னோடு இனிச் சண்டை எதற்கு என்று அந்த மனிதர் முடிவெடுத்துவிட்டார். அப்படியென்றால் நான் இருந்தென்ன, போயென்ன?

ஒரு காலை அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். படலைக்குக் கொளுக்கி மட்டுமே போட்டிருந்தது. ஊன்றுகோலை மதிலில் சாய்த்துவிட்டு இடது கையால் கொளுக்கியைத் தட்டினேன். விழுந்தால் விழட்டும் என்று நினைத்தேன். ஊன்றுகோலை ஊன்றி, மதிலோடு தோளை உரசிக்கொண்டு, ஒழுங்கை திரும்பும் முடக்கிலுள்ள மதகு வரைக்கும் நடந்து, அதன் கட்டின்மேல் குந்திவிட்டேன். மூச்சு வாங்கியது. பயமாகவும் இருந்தது.

சிறிது நேரத்தில் அவர் ஓடிவந்தார். இடுப்பில் ஈரச் சாரம், தலை நிறையச் சவர்க்கார நுரை.

"உமக்கென்ன விசரே? விழுந்து கிழுந்து துலைஞ்சா ஆர் தூக்கிறது? தூக்கித் தூக்கி என்ரை நாரி முறிஞ்சு போச்சு!"

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். இவ்வளவு காலமும் தன் இடுப்பு நோகிறது என்று இவர் எனக்கு ஒரு சொல் சொன்னதில்லை.

"ஆர்..." என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. மிச்சத்தைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். நுரை கண்ணுக்குள் வழிந்தது. துடைக்காமல் நின்றார்.

"ஆர்... உங்களை... தூக்கச் சொன்னது?"

"ஓ! வாய்க்கு மட்டும் ஒரு வருத்தம் வாதமும் இல்லை!"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் ஒரு பக்கம் கோணத்தான் சிரித்தேன். அப்படியொரு சந்தோசம் எனக்குப் பிள்ளை பிறந்தபோதும் வந்ததோ தெரியாது.

வீடு வரை சண்டை பிடித்துக்கொண்டே வந்தோம். இனிப் பூட்டுப் போடக்கூடாது என்றேன் நான். போடுவேன் என்றார் அவர். ஒவ்வொரு சொல்லையும் நான் தேடி எடுத்துச் சொல்லி முடிக்கும்வரை, முகத்தைக் கோபமாக வைத்துக்கொண்டு அவர் நடு ஒழுங்கையில் காத்து நின்றார்.