தையல் இல்லாத பனியன்

ஹட்டனில் ஒரு கடையின் டிவியில் விளையாட்டு உடைக் கம்பெனி ஒன்றின் வரலாறு ஓடிக்கொண்டிருந்தது. தையலே இல்லாமல் ஒட்டிய பனியனைப் போட்டு ஒரு பெண் ஓட்டத்தில் ஜெயித்ததுதான் அவர்களுக்குப் பெரிய நாளாம். மகள் அதே மாதிரிப் பனியனை என் கையில் கொடுத்தாள். முகர்ந்தேன். செல்வி அக்காவின் தலைமுடி வாசம்.

அக்கா கொழும்புப் பக்கம் கார்மென்ட்ஸில் பசையைச் சூடாக்கித் துணி ஒட்டும் வேலை பார்த்தாள். தீபாவளிக்குத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்தவள், "அந்தப் புள்ள ஓடுனப்போ நாங்க தங்கியிருக்குற போர்டிங்கே கை தட்டுச்சு. நாங்க ஒட்டுனதுல்ல!" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

"தையல் இல்லாத துணியாம்! முடிச்சில்லாத நூலு எங்க போய் நிக்குமோ" என்று கேலி பேசிக்கொண்டே அம்மா கொத்தமல்லித் தண்ணி கொடுத்தாள். எங்கள் தோட்டத்தில் எந்த நோவுக்கும் 'பனி பாதி, பசி பாதி' என்பார்கள். இருமல் என்றால் முழுக்கப் பனிதான். வேறு எதன் மேலும் சந்தேகம் வராது.

"இந்தக் குளிர்ல கெடக்காத ஆயி. வெரசா கொழும்புக்குப் போ. அந்தச் சூட்டுல சரியாப் போயிடும்" என்றாள் அம்மா.

லீவு முடியும் முன்பே ரயில் ஏற்றினோம். ஒவ்வொரு முறை இருமிக்கொண்டு வந்தபோதும் அந்தப் பசைப் புகைக்கே திருப்பி அனுப்பினோம். கடைசியில் அவளைப் பெட்டியில் வைத்து வேனில் கொண்டுவந்தார்கள். அன்றும் குளிருமே என்று அம்மா கம்பளியைப் போர்த்திவிட்டாள்.

"அம்மா, தையலே இல்ல, பாருங்களேன்!" என்றாள் மகள்.

பனியனை மடித்து வைத்துவிட்டுக் கடைப் பையனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, தையல் போட்டது இருந்தா எடுங்க."