பொயிலருக்குள் ஊற்றிய கடல்தண்ணீர்

குருநகரில் மக்டலீன் என்று விசாரித்தால் நாலைந்து வீட்டைக் காட்டுவார்கள். வெல்டிங் மக்டலீன் என்றால் ஒரே வீடுதான். அந்த வீட்டின் கேற்றைப் பார்த்ததும் வந்தவருக்குச் சந்தேகம் வரும். அது துருவேறி, ஒரு பக்கம் சரிந்து, நைலோன் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். ஊருக்கெல்லாம் கேற் செய்து கொடுப்பவளுக்குத் தன் கேற்றைத் தொட நேரமில்லை. இதைச் சொல்லிக்காட்டினால் அவளுக்குக் கோபம் வரும், ஆகவே யாரும் சொல்வதில்லை.

அவள் வெல்டிங்குக்கு வந்ததே வேறு இடம் கிடைக்காமல்தான். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு கடலுக்குப் போன புருசன் திரும்பி வரவில்லை. நாலு வருசம் கழித்து, குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி என்று அறிவித்தார்கள். தையலுக்குப் போனாள், இடம் நிரம்பிவிட்டது. கேக் ஐசிங்குக்குப் போனாள், அதுவும் நிரம்பிவிட்டது. வெல்டிங் பட்டியல் மட்டும் வெறுந்தாளாகக் கிடந்தது.

“உது ஆம்பிளையளுக்கு அக்கா” என்றான் மேசைக்குப் பின்னால் இருந்தவன்.

“அப்பிடியெண்டு உதிலை எழுதிக் கிடக்கோ தம்பி?” என்று கேட்டாள். எழுதிக் கிடக்கவில்லை.

இரண்டு வருசத்துக்குள் றோலர் எனும் இழுவைப் படகுகளின் சுக்கான், தண்ணீருக்கடியில் சுழலும் காற்றாடியின் தண்டு, ஐஸ் பெட்டிச் சட்டம் எல்லாம் அவள் கைக்கு வந்து சேர்ந்தன. முதலில் கூலி குறைவு என்றுதான் கொண்டுவந்தார்கள். பிறகு, அவள் வைத்த ஒட்டு விடாது என்று கொண்டுவந்தார்கள். கடலுக்குப் போகிற இரும்பில் ஒட்டு விட்டால் என்ன நடக்கும் என்பதை அவளுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இனி ரெயில் கதைக்கு வருவோம். தென்மராட்சிப் பக்கம் கடல்நீரேரிக் கரையில் ஒரு பழைய உப்பளம் இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன ரெயில் ஓடியது. தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் இரண்டரை அடிதான். சண்டைக் காலத்தில் தண்டவாளமெல்லாம் பங்கர்க் குழிகளுக்குக் கூரை போடப் போய்விட்டது. இப்போது, வெளிநாட்டில் குடியேறிய ஊர்ப் பிள்ளைகளும் உள்ளூர்க்காரரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, அந்த மூன்று கிலோமீற்றரையும் திரும்பப் போட்டார்கள். பார்க்க வருகிறவர்களை ஏற்றி ஓடலாம் என்று யோசனை. பாதை முடிந்தது. இழுக்க என்ஜின் இல்லை.

உழவு மெசினின் என்ஜினை உள்ளே வைத்து, வெளியே தகரத்தில் புகைக்கூடு வைத்துவிட்டால் போதும் என்று சங்கத்தில் பாதிப்பேர் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கொதித்து எழுந்தவர் பரமலிங்கம். சுன்னாகத்து மனிதர், ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியியலாளர், பிடித்தால் விடாதவர். “நெருப்புத் தின்னாத, தண்ணி குடிக்காத ஒண்டை நீராவி ரெயில் எண்டு சொல்லி எங்கடை சனத்தைப் பேக்காட்ட நான் வரேல்லை” என்றார். புதிதாகவே ஒன்றைச் செய்வது என்று முடிவாயிற்று.

சில்லுகளைக் கொழும்பில் வார்த்தார்கள். சிக்கல் பொயிலரில் வந்தது. தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கும் அந்தப் பெரிய இரும்புப் பெட்டகம்தான் என்ஜினின் உயிர். ஒட்டில் பிழை வந்தால் எமனும் அதுதான். லண்டனில் இருந்த அங்கத்தவர்கள் இந்தியாவில் செய்வித்து எடுக்கலாம் என்றார்கள். பரமலிங்கம் ஒட்டுக்காரரைத் தேடிக் குடாநாடு முழுக்கச் சுற்றி, கடைசியில் குருநகர்க் கரையில் ஏற்றி வைத்திருந்த றோலரின் சுக்கானுக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நின்றார். “இதை ஒட்டினது ஆர்?”

சரிந்த கேற்றைக் காட்டினார்கள்.

நாலு பேரிடம் மாதிரித் துண்டு ஒட்டுவித்து எக்ஸ்ரே பார்க்க அனுப்பினார்கள். மூன்று ஆண்களின் துண்டுகள் தேறாமல் திரும்பி வந்தன. மக்டலீனுடையது தேறியது. லண்டன்காரர் சம்மதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு: கொழும்பிலிருந்து வரும் பரிசோதகர் இந்தப் பொயிலரை வேண்டாம் என்றால், இரண்டாம் பேச்சில்லை, இந்தியாதான்.

சுன்னாகம் ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு பழைய வெங்காயக் கிடங்கில் வேலை தொடங்கியது. ஒன்பது மாதம். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. உள்பெட்டியில் நெருப்பு, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். இரண்டு தகடுகளையும் பிடித்து வைக்க இருநூற்றுப் பன்னிரண்டு குறுங்கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனையிலும் ஒட்டு.

“சேர், இவ்வளவு கம்பி என்னத்துக்கு?”

“ஆவி ஏறினால் ஒரு பக்கத் தகட்டை மட்டும் நூறு தொன் தள்ளும் பிள்ளை.”

மக்டலீன் வெல்டிங் குச்சியைக் கீழே வைத்தாள். ஒரு றோலரைத் தூக்கிக் கரையில் வைக்க எத்தனை பேர், எவ்வளவு சங்கிலி, எவ்வளவு கூச்சல் என்று அவளுக்குத் தெரியும். அப்படி ஆறேழு றோலர், வெறும் தண்ணீரின் மூச்சிலிருந்து. அன்று பின்னேரம் வரை அவள் அதைத் திரும்ப எடுக்கவில்லை. பயந்துவிட்டாளோ என்று பரமலிங்கம் பயந்தார். அவளுக்கு வந்தது பயமில்லை. பூசைக்கு மணி அடிக்கும்போது வரும் அந்த அடக்கம்தான். அடுத்த நாள் தொடக்கம், குனிந்து நுழையும் ஒவ்வொரு தரமும் நெருப்புப் பெட்டி வாசலில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பொயிலர் முடிந்தது. குளிர்ந்த தண்ணீரை நிரப்பிப் பம்பால் அழுத்திப் பார்த்தபோது ஒரு சொட்டுக் கசியவில்லை. இனி நெருப்பு வைத்து, ஆவி ஏற்றி, பரிசோதகருக்குக் காட்டவேண்டும். அதற்குப் பரமலிங்கம் மழைத்தண்ணீர் மட்டும்தான் என்று கட்டளை போட்டிருந்தார். சுன்னாகத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கொதிக்கக் கொதிக்க உள்ளே படிந்துவிடும். வீட்டுக் கேத்தில்களைத் திறந்து பார்த்தாலே தெரியும். மார்கழி மழையைக் கூரையிலிருந்து பிடித்து, தாங்கியில் பூட்டி வைத்து, திறப்பைத் தன் இடுப்பில் சொருகி வைத்திருந்தார் மனிதர்.

ஆனால் மக்டலீன் வள்ளக்காரர் வீட்டுப் பெண். அவளுடைய தகப்பன் செபமாலை வள்ளம் கட்டியவர். குருநகரில் எல்லாரும் செய்வார்கள் என்று சொல்லமுடியாது, அது அவர்கள் வீட்டு வழக்கம்: புது வள்ளத்தைத் தண்ணீரில் இறக்க முதல், கடலில் மொண்ட தண்ணீரை வள்ளத்துக்குள் கொஞ்சம் ஊற்றுவார்கள். கடலை நாங்களே ஒருமுறை உள்ளே கூப்பிட்டாயிற்று, இனி அது தானாக வரத் தேவையில்லை என்பது கணக்கு. செபமாலை கட்டிய வள்ளம் ஒன்றும் மூழ்கவில்லை. புருசன் போன வள்ளம் வெளியாள் கட்டியது, யாரும் ஊற்றவில்லை. இதை மக்டலீன் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

முதல் நெருப்பு வைக்கிற விடியலில் அவளுடைய தம்பி கனிசியஸ் மீன் தொழிலால் வந்த கையோடு ஒரு பிளாஸ்டிக் கான் நிறையக் கடல்தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தான். பரமலிங்கம் வர முன்னர் அதை மேல்வாயால் பொயிலருக்குள் ஊற்றினாள். ஒரு செம்பு போதும் என்றுதான் நினைத்தாள். நூறு தொன் நினைவுக்கு வர, கானையே கவிழ்த்துவிட்டாள்.

மூன்று நாள் மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். விறகும் சிரட்டையும் எரிந்தன. இரும்பு முதலில் முனகியது, பிறகு தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கியது. கிடங்குக்கு வெளியே வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையை இறக்கிவிட்டு வந்து கதவடியில் நின்றார்கள். மக்டலீன் தன் கையால் செய்த ஒன்று உயிரோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது நான் செய்ததா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

நாலாம் நாள் பரிசோதகர் வந்தார். கொழும்பில் வேலை, ஊர் வவுனியாப் பக்கம், சிரிப்பில்லாத முகம். முழு அழுத்தமும் ஏற்றி, பாதுகாப்பு வால்வு சீறும் வரை நின்று, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “நல்லது. சாப்பிட்டிட்டு வந்து ஒப்பம் வைக்கிறன்” என்றார். பரமலிங்கம் அவரைச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

தனியே நின்ற மக்டலீன், சந்தோசத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு துணியை எடுத்துப் பொயிலரைத் துடைத்தாள். அடிப்பக்கம் துடைக்க ரோச் லைற்றோடு மல்லாந்து படுத்தபோதுதான் கண்டாள். நூற்று நாற்பதாம் கம்பியின் ஒட்டருகில் வெள்ளையாக ஒரு கோடு, கண் இமை மயிரளவு. துணி நுனியால் ஒற்றி எடுத்தாள். நாக்கில் வைத்தாள். உப்பு.

மழைத்தண்ணீரில் உப்பு இல்லை. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து ஆவியாகிப் பறந்துபோக, கடல் மட்டும் தன் அடையாளத்தை விட்டிருக்கிறது. அவள் ஊற்றியது, அவள் ஒட்டின இடத்தால் வெளியே வந்திருக்கிறது.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் நடந்ததைச் சொல்லவேண்டும்: அவள் அதைத் துணியால் துடைத்துவிட்டாள். ஒன்பது மாதம். மூன்று ஆண்களின் துண்டுகள். லண்டன். எல்லாம் அந்த ஒரு துடைப்பில் பத்திரமாக இருந்தன. படுத்தபடியே காத்திருந்தாள். கால் மணித்தியாலம் போனது. கோடு திரும்ப வந்தது, அதே இடத்தில், அதே அளவில்.

இப்போது சின்னக் கோடு. நாளைக்கு இதன் பின்னால் இரண்டு பெட்டி நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பார்கள்.

பரிசோதகர் பல்லைக் குத்திக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் எழுந்து நின்றாள். “சேர், ஒப்பம் வைக்காதேங்கோ. நூத்தி நாப்பது கசியுது.”

அவர் வெள்ளைச் சேட்டோடு அப்படியே நிலத்தில் படுத்துப் பார்த்தார். “இது உப்பெல்லோ? மழைத்தண்ணியெண்டுதானே சொன்னனீங்கள்?”

“மழைத்தண்ணிதான்” என்றார் பரமலிங்கம், இடுப்புத் திறப்பைத் தொட்டுக்கொண்டு.

“நான் ஒரு கான் கடல்தண்ணி ஊத்தினனான்” என்றாள் மக்டலீன்.

பரமலிங்கத்தின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. “பிள்ளை, விசரே உமக்கு? பொயிலருக்குள்ளை ஆரும் கடலை ஊத்துவினமே?” அவள் வள்ளத்துக் கதையைச் சொன்னாள், நிலத்தைப் பார்த்தபடி. இரண்டு பிழையும் அவளுடையவை, இரண்டையும் அவளே சொல்லிவிட்டாள். அழுகை வந்தது. அழுதாள்.

பரிசோதகர் தாளில் ‘தேறவில்லை’ என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனையை மூடவில்லை. கீழே இன்னொரு வரி சேர்த்தார்: ‘திருத்தத்தை இதே ஒட்டுநரே செய்தல் வேண்டும். அதன்பின் மீண்டும் பரிசோதிக்கப்படும்.’ பரமலிங்கம் அந்தத் தாளைப் படமெடுத்து லண்டனுக்கு அனுப்பினார். அவர்கள் இரண்டு நாள் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். கடைசியில், அரசாங்கத்துப் பரிசோதகரே எழுதியதை மீறுவது எப்படி என்று அடங்கிப்போனார்கள்.

ஒட்டை அரைத்துத் திறந்தபோது உள்ளே ஒரு மிளகளவு பொந்து இருந்தது. வெளியே இமை மயிர், உள்ளே அது. மக்டலீன் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கத்து ஒட்டுகள் முப்பதையும் யாரும் கேட்காமலே அரைத்துத் திரும்ப ஒட்டினாள். ஆறு கிழமை பிடித்தது.

இரண்டாம் தரம் வந்த பரிசோதகர் முதலில் கேட்டது, “கடல்தண்ணி எங்கை?” என்று.

“இந்தமுறை விடேல்லை சேர்.”

“விடுங்கோ. எனக்கு உதைவிட நல்ல சோதனை தெரியாது. பிறகு நாலு தரம் கழுவினால் சரி.”

மழைத்தண்ணீருக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்த பரமலிங்கம், தன் ஸ்கூட்டரில் கனிசியஸிடம் போய், கானைத் தன் கையாலே கொண்டுவந்து ஊற்றினார். முன்போலவே மூன்று நாள் நெருப்பு எரிந்தது. இரும்பு பாடியது. நாலாம் நாள் அழுத்தம் ஏறி, வால்வு சீறி, கிடங்கு முழுக்க வெள்ளை ஆவி நிறைந்து வெளிச்சத்தில் மெல்லக் கரைந்தது. வெங்காயக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள்; யாரும் சொல்லாமலே.

பரிசோதகர் குனியவில்லை. ரோச் லைற்றை மக்டலீனிடம் நீட்டினார். “நீங்களே பாத்துச் சொல்லுங்கோ.”

“நானோ? சேர், என்ரை வேலையை நானே…”

“ஓம். நீங்கள்தான்.”

அவள் மல்லாந்து படுத்து, கைக்கு எட்டிய ஒவ்வொரு ஒட்டாகப் பார்த்தாள். ஒரு மணித்தியாலம் சென்றது. பரிசோதகர் ஒரு கதிரையில் இருந்து வெறுந்தேத்தண்ணி குடித்தார். ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. அவள் முதுகெல்லாம் கரியோடு வெளியே வந்தாள்.

“ஒண்டும் இல்லை சேர். எல்லாம் காய்ஞ்சு கிடக்கு.”

அவர் தாளை எடுத்து முழங்காலில் வைத்தார். தன் ஒப்பத்தை வைத்தார். பிறகு, ‘ஒட்டுகளைப் பார்வையிட்டவர்’ என்ற வெற்றிடத்தில் பேனையை வைத்து, “முழுப்பெயரைச் சொல்லுங்கோ” என்றார்.

இதுவரை அவளுடைய முழுப்பெயரைக் கேட்டு எழுதியவர்கள் நிவாரணம் கொடுத்தவர்களும், காணாமல் போனவர்களைப் பதிந்தவர்களும்தான். இப்படியொரு தாளில் அதை யாரும் கேட்டதில்லை. கரிக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“செபமாலை மக்டலீன்” என்றாள். அவர் எழுதினார்.